மூன்று முனியசாமிகளும் ஒரு மடிக்கணினியும்: கடலோர வீட்டுவசதிச் சங்கத்துக்கு ஒரு முழு வழிகாட்டி

சங்கப் பேரவைக் கூட்டத்தில் செயலாளர் நிலுவைப் பட்டியலை வாசித்துக்கொண்டிருந்தார். "மு. முனியசாமி, 18,400 ரூபாய்" என்றதும் மூன்று பேர் எழுந்து நின்றார்கள். மூவர் பெயரும் முனியசாமி. மூவரின் அப்பா பெயரும் மு-வில்தான் தொடங்கும். ஒருவர் போன மாதம்தான் மொத்தக் கடனையும் அடைத்திருந்தார். அவருக்கு வந்த கோபத்தைக் கேட்க வேண்டாம். இன்னொருவர், "அது நான் இல்லண்ணே" என்று சாதித்தார். மூன்றாமவர் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்துவிட்டார். பாக்கி அவருடையது.

அடுத்த வாரம் நிர்வாகக் குழுவில் ஒருவர், "நல்ல செயலி ஒன்று வாங்கிவிடலாம்" என்றார். வாங்கியிருந்தால் மூன்று முனியசாமிகளும் செயலிக்குள் போய் உட்கார்ந்திருப்பார்கள், அவ்வளவுதான்.

நான் கணக்கு எழுதிப் பழகியவன். ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவில் ஒரு சிறிய சங்கத்தின் பதிவேடுகளைக் கணினிக்குக் கொண்டுவர உதவியபோது பட்ட பாடுகளிலிருந்து இதை எழுதுகிறேன். தொண்டியிலிருந்து சாயல்குடி வரை, ஐம்பது பேரோ இருநூறு பேரோ உள்ள எந்தச் சங்கத்துக்கும் இது பொருந்தும். பணம் நிறையத் தேவையில்லை. ஒரு மடிக்கணினி, ஒரு பிரிண்டர், விரிதாள் (எக்செல் மாதிரி) அடிக்கத் தெரிந்த ஒரு தம்பியோ தங்கையோ போதும். ஆனால் ஒன்றை மட்டும் முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்: தன்னுடைய கணக்குப் பக்கத்தைச் செயலாளர் பார்ப்பது போலவே உறுப்பினரும் பார்க்க முடிய வேண்டும். கீழே சொல்லும் ஒவ்வொரு வேலையும் அதற்காகத்தான். உறுப்பினரைக் கண்காணிக்கத்தான் கணினி என்று நினைத்தால், பழைய நோட்டே மேல்.

ஆரம்பிக்கும் முன்

சங்கம் 1983-ஆம் வருடத்துத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின்படி பதிவானது என்றால், விதிகள் கேட்கும் பதிவேடுகளை எழுதித்தான் ஆக வேண்டும். உறுப்பினர் பதிவேடு, நாள்வழி, பேரேடு, நடவடிக்கைக் குறிப்பேடு எதுவும் கணினி வந்ததால் போய்விடாது. தணிக்கைக்கு வருபவர் கேட்பதும் அவற்றைத்தான். கணினியில் இருப்பது அவற்றின் கண்ணாடி. கண்ணாடியில் தெரிவதும் பதிவேட்டில் இருப்பதும் வேறாக இருந்தால் அன்றைக்கே உட்கார்ந்து காரணத்தைக் கண்டுபிடியுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் பல மாதங்களை விழுங்கிய விஷயம்: எழுத்துரு. பழைய கோப்புகள் பாமினியிலோ வானவில்லிலோ அடிக்கப்பட்டிருக்கும். வேறு கணினியில் திறந்தால் எல்லாம் கோணல் எழுத்து. எந்தக் கணினியிலும் ஒரேபோல் தெரியும் யூனிகோடை 2010-லேயே தமிழக அரசு தரமாக அறிவித்துவிட்டது. இருந்தும் சங்க அலமாரியில் பழையதுதான் கிடக்கும். மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒவ்வொரு பெயரையும் ஒருவர் வாசிக்க, இன்னொருவர் பழைய தாளைப் பார்த்துச் சரிசொல்ல வேண்டும். இரண்டு பேருக்கு மூன்று மாலை வேலை.

முதல் வேலை: பெயர்

இந்தக் கரையில் பெயர் என்பது எளிதான காரியம் இல்லை. உள்ளே போனால் முனியசாமி, முனியாண்டி. ராமேஸ்வரம் தீவுக்குள் நம்புராஜன், நம்புநாயகி. தங்கச்சிமடத்தில் சந்தியாகு, அந்தோணி. ஏர்வாடி, கீழக்கரைப் பக்கம் செய்யது இபுராகிம், சீனி முகமது. ஒரே தெருவில் ஒரே பெயரில் நான்கு பேர் இருப்பது சாதாரணம். அதோடு ஒரே ஆளுக்கு ஆதார் அட்டையில் ஓர் எழுத்துக்கூட்டு, பட்டாவில் ஒன்று, பாஸ்புத்தகத்தில் ஒன்று. முகமது, முஹம்மது, முஹமது மூவரும் ஒருவரே என்று நமக்குத் தெரியும். கணினிக்கு மூன்று ஆட்கள்.

அதனால் முதல் நெடுவரிசை பெயராக இருக்கக் கூடாது. சங்க உறுப்பினர் எண்ணாக இருக்க வேண்டும். அந்த எண் ஒருவருக்கு ஒருமுறை கொடுத்தால் கொடுத்ததுதான். அவர் விலகினாலும் இறந்தாலும் வேறு யாருக்கும் போகாது. ரசீதில், கடன் கோப்பில், மனைப் பட்டியலில், புகைப்படக் கோப்பின் பெயரில் என்று எல்லா இடத்திலும் அந்த எண்ணே.

அதற்கு அடுத்து நாங்கள் வைத்த நெடுவரிசைகள் இவை: ஆதாரில் உள்ளபடி தமிழ்ப் பெயர், ஆதாரில் உள்ளபடி ஆங்கில எழுத்துக்கூட்டு, அப்பா அல்லது கணவர் பெயர் முழுதாக, ஊரில் கூப்பிடும் பெயர், தெரு, சேர்ந்த தேதி, பங்குத் தொகை, நியமனதாரர் (நாமினி), தொழில், தொலைபேசி எண், அந்த எண் யார் கையில் இருக்கிறது.

கடைசி இரண்டில்தான் சூட்சுமம். ஒரு லாத்தாவின் (அக்காவின்) தவணை ஏழு மாதம் நின்றிருந்தது. மாதாமாதம் எஸ்.எம்.எஸ். போய்க்கொண்டுதான் இருந்தது. பதிவில் இருந்தது அவர் மகனின் எண், மகன் துபாயில். மகனுக்கு அந்தச் செய்தி என்னவென்றே புரியவில்லை, அழித்துக்கொண்டே வந்திருக்கிறார். "யார் கையில்" என்ற நெடுவரிசை வந்த பிறகு லாத்தாவின் வீட்டு எண் கிடைத்தது. அப்புறம் ஒரு தவணைகூடத் தவறவில்லை.

ஊரில் கூப்பிடும் பெயரைக் கேட்கச் சிலர் கூச்சப்படுவார்கள். பட்டப்பெயர் கேலியாக இருந்தால் எழுத வேண்டாம். "மேலத்தெரு வலைக்காரர் மகன்" என்று எழுதினாலும் போதும். அடையாளம் தெரிந்தால் சரி.

நியமனதாரர் விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். உறுப்பினர் இறந்தபின் பங்கும் மனையும் யாருக்கு என்ற சண்டை வந்தால், முதலில் தேடுவது இந்தக் கட்டத்தைத்தான். நாங்கள் பார்த்தபோது பாதிக்கு மேல் காலியாக இருந்தது. வீடு வீடாகப் போய்ப் படிவத்தில் கையெழுத்து வாங்கிய பிறகே விரிதாளில் ஏற்றினோம். வாயால் சொன்னதை ஏற்றாதீர்கள்.

பட்டியல் முடிந்ததும் ஒவ்வொருவருடைய விவரத்தையும் அரைப்பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சடித்து அவரவர் கையிலேயே கொடுத்து, தப்பைச் சிவப்பு மையில் திருத்தித் தரச் சொல்லுங்கள். இந்தச் சுற்றில் வரும் திருத்தங்களின் எண்ணிக்கை உங்களைத் திடுக்கிட வைக்கும்.

நிலம்: மூன்று காகிதம், ஒரு வரைபடம்

புல எண் (சர்வே எண்) 12/3 என்று விரிதாளில் அடித்துப் பாருங்கள். கண்ணிமைப்பதற்குள் அது தேதியாகிவிடும். மார்ச் 12 என்றோ டிசம்பர் 3 என்றோ காட்டும். எங்கள் பட்டியலில் பதினொரு மனைகள் இப்படி மாதப் பெயரில் இருந்தன. புல எண் நெடுவரிசையை முதலில் 'எழுத்து' வடிவத்துக்கு மாற்றிவிட்டு அப்புறம் அடியுங்கள். தொலைபேசி எண்ணுக்கும் அதேதான்.

நிலம் வாங்கும் முன்போ, வாங்கிய நிலத்தை மனைகளாகப் பிரிக்கும் முன்போ, மூன்று காகிதங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்: பத்திரம், பட்டா, புலப்படம் (புலத்தின் அளவு வரைபடம்). பத்திரம் சென்ட்டில் பேசும். பட்டா ஹெக்டேர்-ஏரில் பேசும். புலப்படம் மீட்டரில் பேசும். மூன்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தால்தான் குட்டு வெளிப்படும்.

பட்டாவில் 0-40.50 என்று இருக்கிறது என்று வையுங்கள். பூஜ்யம் ஹெக்டேர், நாற்பதரை ஏர். ஓர் ஏர் என்பது 100 சதுர மீட்டர். ஆக 4,050 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டருக்கு 10.764 சதுர அடி, ஒரு சென்ட்டுக்கு 435.6 சதுர அடி. கணக்குப் போட்டால் 100 சென்ட், அதாவது ஓர் ஏக்கர். பத்திரம் 1 ஏக்கர் 12 சென்ட் என்று சொன்னால் அந்த 12 சென்ட் எங்கே போனது என்று விற்பவரிடம் கேட்க வேண்டும். விரிதாளில் இந்தச் சூத்திரத்தை ஒருமுறை போட்டு வைத்தால் ஒவ்வொரு புல எண்ணுக்கும் வித்தியாசம் தானே தெரியும். பட்டா, சிட்டா, புலப்படம் எல்லாம் வருவாய்த் துறையின் இணையச் சேவையிலேயே பார்க்கலாம். வில்லங்கச் சான்று பதிவுத் துறையின் தளத்தில். முப்பது வருட வில்லங்கம் பார்ப்பது வழக்கம். கூடுதல் காலம் பார்த்தாலும் நஷ்டமில்லை. பார்த்த தேதியையும் குறித்து வையுங்கள், ஏனென்றால் பட்டா மாறும்.

எல்லை விஷயத்தில் கைபேசியை நம்பவேண்டாம். திறந்தவெளியில்கூடக் கைபேசி ஜி.பி.எஸ். ஐந்து மீட்டர் அளவுக்குத் தவறும். ஐந்து மீட்டர் என்றால் பதினாறு அடி; நமது மனையே இருபதடி அகலம்! மேலும் இது மணல் பூமி. கல் புதைந்துபோகும், பழைய பத்திரத்தில் 'வடக்கே பனைமரம்' என்று எழுதியிருக்கும், மரமே இருக்காது. எல்லைக்கு நில அளவர்தான். கைபேசி எதற்கு என்றால், எந்த மனை எங்கே இருக்கிறது, கிணறு எங்கே, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தோராய வரைபடம் போட. அதற்கு இலவச மென்பொருளான க்யூஜிஐஎஸ் போதும். அது தெரியாவிட்டால் புலப்படத்தை நகலெடுத்து மேலே பென்சிலால் குறித்தாலும் குற்றமில்லை.

கடலோரத்துக்கு மட்டுமே உரிய நான்காவது காகிதம் ஒன்று உண்டு: கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடம். உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது கடல் ஏறும் உச்ச எல்லையிலிருந்து, 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம். மத்திய அரசின் 2011 அறிவிக்கையில் ஊரகக் கடற்கரையில் முதல் 200 மீட்டர் வளர்ச்சி தடை செய்யப்பட்ட பகுதி. 2019 அறிவிக்கை அதை மக்கள்தொகை அடர்த்தியை வைத்துப் பிரித்தது: 2011 கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் இருந்தால் 50 மீட்டர், குறைந்தால் பழைய 200 மீட்டரே. பரம்பரையாகக் கடற்கரையில் வாழும் மீனவர் வீடுகளுக்குத் தனி விதிகள் உண்டு. தரகர் "அதெல்லாம் பிரச்சினை இல்லண்ணே" என்பார். அவர் வாயை வைத்து முடிவெடுக்காமல், உங்கள் புல எண் எந்த வகைக்குள் விழுகிறது என்று மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்திடம் எழுத்தில் கேளுங்கள். பதில் கடிதம் வந்த பிறகே முன்பணம். மன்னார் வளைகுடாப் பக்கம் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவும் இருப்பதால் கண்கள் கூடுதலாகவே இருக்கும்.

சங்கமே உறுப்பினர்களுக்குக் கட்டிக்கொடுப்பதாக இருந்தால் இன்னொன்று. 2016-ஆம் வருட ரியல் எஸ்டேட் சட்டம், உறுப்பினருக்காகக் கட்டும் தொடக்கக் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தையும் மேம்பாட்டாளர் (புரமோட்டர்) என்றே கணக்கில் எடுக்கிறது. "நாங்கள் சங்கம்தானே, கம்பெனி இல்லையே" என்று இருந்துவிடாதீர்கள். அளவு 500 சதுர மீட்டரையோ எட்டு வீட்டையோ தாண்டினால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு பற்றி வழக்கறிஞரைக் கேட்டுவிடுங்கள்.

தவணை: அலுவலக மாதமும் கடல் மாதமும்

சங்கக்காரர்களுக்குப் பழக்கமான மூன்று சொல்: கேட்பு, வசூல், நிலுவை. இந்த மாதம் யாரிடம் எவ்வளவு வர வேண்டும், எவ்வளவு வந்தது, எவ்வளவு நிற்கிறது. கணினியில் முதலில் ஏற்ற வேண்டிய கணக்கு இதுதான். ஒரு தாளில் ஒரு வரி ஒரு ரசீது. கூட்டல் கழித்தல் எல்லாம் வேறு தாளில். ரசீது வரியை அழிக்கவோ மேலெழுதவோ கூடாது. தப்பானால் எதிர்ப்பதிவு போடுங்கள், பேரேட்டில் போடுவது போலவே.

மூன்று வருட வசூலை இப்படி ஏற்றி முடித்ததும் மாதவாரியாக ஒரு கோட்டுப்படம் போட்டுப் பார்த்தோம். ஒன்றும் புரியவில்லை, ஏற்ற இறக்கம் தாறுமாறாக இருந்தது. அப்புறம் எங்களுக்குக் கணினி வேலை பார்த்த தம்பிதான் தொழில் நெடுவரிசையை வைத்துப் பிரித்துப் பார்க்கலாம் என்றான். பிரித்ததும் நான்கு காலண்டர் தெரிந்தது. விசைப்படகில் மீன்பிடிக்குப் போகிறவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அந்த இரண்டு மாதமும் கோடு தரையில் கிடக்கிறது. பாக்கு நீரிணையில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள் கடல், மீதி நாட்டுப்படகுக்கு. அதனால் வாரத்துக்குள்ளேயே கையில் பணம் புரளும் நாள் வேறு. உப்பளத்தில் வேலை செய்பவர்களுக்கு மழை வந்தால் வருமானம் நிற்கிறது. முண்டு மிளகாய் போட்டவர்கள் மாசி, பங்குனிக்கு மேல் நன்றாகக் கட்டுகிறார்கள். அவர்களுக்கு ஐப்பசியில் கேட்டால் கிடைக்காது. அரசு வேலையும் வெளிநாட்டுப் பணமும் உள்ள வீடுகளில் மட்டும்தான் கோடு நேராக ஓடுகிறது.

அத்தனை பேருக்கும் மாதம் ஒரே தொகை என்று வைத்தவர்கள் நாங்கள்தான். கடலுக்குப் போகாத மாதத்தில் கட்டவில்லை என்று அபராத வட்டி போட்டதும் நாங்கள்தான்.

மாற்றுவதற்குக் கணக்கு கஷ்டமில்லை. மாதம் 2,000 ரூபாய் என்றால் வருடத்துக்கு 24,000. தடைக்கால இரண்டு மாதம் 500 வீதம் 1,000. மற்றப் பத்து மாதம் 2,300 வீதம் 23,000. கூட்டினால் அதே 24,000. வட்டி கணக்கிடும் முறையால் சில ரூபாய் வித்தியாசம் வரும். அதை விரிதாளே காட்டிவிடும். துணை விதிகளும் கடன் ஒப்பந்தமும் இடம் கொடுக்கிறதா என்று பார்த்து, பேரவையில் தீர்மானம் போட்டு, வீட்டுவசதிக்கான துணைப் பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். சங்கங்களுக்கு மேலே உள்ள கூட்டுறவு வீட்டுவசதி இணையத்திடம் வாங்கிய கடன் என்றால் அங்கே கட்ட வேண்டிய தேதி மாறாது. அதற்குப் பத்து மாத வசூலில் ஒதுக்கி வைக்க வேண்டும்.

பணம் வாங்கும் வழி பற்றி ஒரு கண்டிப்பு. யு.பி.ஐ. வசதியாகத்தான் இருக்கிறது, ஆனால் அலுவலகச் சுவரில் ஒட்டும் க்யூஆர் அட்டை சங்கத்தின் வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும், யாருடைய சொந்தக் கைபேசிக்கும் போகக் கூடாது. "தற்காலிகமாக என் நம்பரில் போடுங்க" என்று தொடங்கிய ஓர் இடத்தில் ஒன்றரை வருடம் கழித்து எது சங்கப் பணம், எது அவர் மச்சானிடம் வாங்கிய கைமாற்று என்று பிரிக்க முடியாமல் போனதைப் பார்த்திருக்கிறேன். அவர் திருடவில்லை, ஆனால் அதை நிரூபிக்கவும் முடியவில்லை. பட்டன் கைபேசி வைத்திருப்பவர்களுக்கும் யு.பி.ஐ. வழி 2022 முதல் இருக்கிறது. இருந்தாலும் ரொக்கமாகக் கொண்டுவருபவரைத் திருப்பி அனுப்பாதீர்கள். தினமும் மாலையில் வங்கி வரவும் ரசீதுகளும் ஒத்துப்போகிறதா என்று ஒரு பத்து நிமிடம் பாருங்கள்.

கட்டும் வீடு: உப்போடு ஒரு கணக்கு

இந்தப் பகுதியைத்தான் நான் அதிகம் வற்புறுத்துவேன். கடலோரத்தில் வீட்டைத் தின்பது உப்பு. பதினைந்து வருடத்தில் சன்ஷேடு அடியில் வெடிப்பு, வெடிப்புக்குள் துரு, ஒரு நாள் காரை பெயர்ந்து கீழே. அதைப் பார்க்கும்போது கொத்தனாரைத் திட்டுவோம். எந்தத் தண்ணீரில் கலந்தார்கள், கம்பி எவ்வளவு உள்ளே இருந்தது என்று யாரிடமும் பதிவு இருக்காது.

ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தர விதி, கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்கிறது. கடலோரச் சூழலைக் கடுமையான வகையில் சேர்த்து, குறைந்தது எம்30 என்ற வலுவுள்ள கலவையும் கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடலும் கேட்கிறது. இந்த மூன்று எண்களையும் அலுவலகச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.

முதலில் தண்ணீர். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டர் மொத்த உப்பைத்தான் சொல்லும், குளோரைடைத் தனியாகச் சொல்லாது. எந்தக் கிணற்றைச் சந்தேகப்பட வேண்டும் என்று கண்டுபிடிக்க அது போதும். அப்புறம் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் மாதிரி கொடுத்துச் சோதியுங்கள். கிணற்றுக்கு ஓர் எண், சோதித்த மாதம், கிடைத்த அளவு மூன்றையும் வரைபடத்தில் குறித்து வையுங்கள். ஒரே கிணறு மழைக்குப் பின் ஒரு மாதிரியும் கோடையில் வேறு மாதிரியும் இருக்கும். வருடத்துக்கு இரண்டு முறையாவது பாருங்கள். இரண்டு வருடத்தில் எந்தப் பக்கத்துக் கிணறு எப்போது உப்பாகிறது என்பது உங்கள் கைக்குள் இருக்கும்.

கலவைக்கு லாரித் தண்ணீர் வாங்குகிறோம், சரி. கான்கிரீட் போட்டு முடித்த மறுநாளிலிருந்து நனைப்பது எந்தத் தண்ணீரில்? பக்கத்துக் கிணற்றில்தான்! ஏழு நாள், பத்து நாள் உப்புத் தண்ணீரைக் குடிக்க வைத்தால், கலவைக்குச் செலவழித்த லாரி வாடகை வீண். ஆகவே லாரி ரசீதில் வீட்டு எண்ணோடு 'கலவை' அல்லது 'நனைப்பு' என்றும் எழுதுங்கள். நனைப்பு ரசீதே இல்லாத வீடுகள் தானே வெளியே வரும்.

அடுத்தது புகைப்படம். பிரதமர் ஊரக வீட்டுத் திட்டத்தில் கட்டத்துக்கு ஒரு படம் எடுத்து இட அடையாளத்தோடு ஏற்றுவது ஏற்கெனவே நடைமுறை. நாம் எடுக்க வேண்டிய படங்கள் வேறு. தளக் கம்பி கட்டி முடித்து, கான்கிரீட் கொட்டும் முன், கவர் பிளாக் (கம்பிக்கும் பலகைக்கும் நடுவே வைக்கும் சிறு கட்டை) தெரிகிற மாதிரி, பக்கத்தில் ஓர் அடி ஸ்கேலை வைத்து எடுக்க வேண்டும். தூண், பீம், சன்ஷேடு ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். கோப்பின் பெயர் 'உறுப்பினர் எண் - பகுதி - தேதி'. எங்கள் இடத்தில் ஒரு அக்கா இந்த வேலையை எடுத்துக்கொண்டார். கடல்பாசி எடுக்கப் போகாத நாட்களில் கைபேசியும் ஸ்கேலுமாக ஒவ்வொரு வீடாகப் போவார். ஒரு நாள் சன்ஷேடு கம்பி பலகையிலேயே படுத்துக் கிடந்ததைப் படம் எடுத்துச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். மேஸ்திரி முதலில் முணுமுணுத்தார். அரை மணி நேரத்தில் கம்பியைத் தூக்கிக் கவர் பிளாக் வைத்தார். அந்த ஒரு படத்துக்குப் பிறகு, "அக்கா வந்துட்டுப் போகட்டும், அப்புறம் கொட்டுவோம்" என்பது அந்தப் பகுதியில் பழக்கமாகிவிட்டது.

கட்டிய வீடுகளுக்கும் வருடத்துக்கு ஒருமுறை, மழை முடிந்த தை மாதத்தில், அதே கோணத்தில் அதே இடங்களைப் படம் எடுங்கள். மயிரிழை வெடிப்பிலேயே பூசிவிட்டால் செலவு ஆயிரங்களில் நிற்கும்.

மழை எவ்வளவு நின்றது

1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடிக்கு நேர்ந்தது இந்தக் கரையில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அதே அளவு பயப்பட வேண்டியது மழைத் தண்ணீர். 2024 நவம்பர் 20-ஆம் தேதி ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அந்த மாதிரி நாளின் தகவல் மறுநாள் வெயிலில் காய்ந்துபோகும். தண்ணீர் வடிந்த கையோடு ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் கறை நின்ற உயரத்தை டேப்பால் அளந்து, உறுப்பினர் எண்ணோடு எழுதி, வரைபடத்தில் ஏற்றுங்கள். ஏற்கெனவே நடந்ததைப் பெரியவர்களிடம் கேட்டும் குறிக்கலாம். "வாசப்படி முங்குச்சு", "கட்டில் வரைக்கும்" என்று சொல்வார்கள், அதை அப்படியே எழுதிவிட்டுப் பிறகு அளந்துகொள்ளுங்கள். அடுத்த வீட்டுக்கு அடித்தள உயரம் எவ்வளவு வைப்பது என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் இல்லை.

முன்னெச்சரிக்கைக்குச் சென்னை வானிலை மையத்தின் அறிவிப்பும், கடலுக்கு ஐதராபாத்திலுள்ள கடல் தகவல் சேவை மையத்தின் அலை எச்சரிக்கையும் போதும். எங்கிருந்தோ வந்த குரல் பதிவை யாரும் பரப்பக் கூடாது என்று குழுவில் ஒரு விதி வையுங்கள்.

கூட்டம்

பாதி உறுப்பினர்கள் கடலில், கால்வாசி வளைகுடா நாடுகளில். பி.டி.எப். அனுப்பினால் யாரும் திறப்பதில்லை. கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால் பொருள்பட்டியலை இரண்டு நிமிடக் குரல்செய்தியாக அனுப்பினோம். படித்த பிள்ளைகள் வீட்டில் போட்டுக் காட்டினார்கள். வருகை கூடியது. தேதி வைக்கும்போது விசைப்படகு கரையில் நிற்கும் நாளாகப் பாருங்கள். வாக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் வேண்டாம். நேரில், ஓர் ஆளுக்கு ஒரு வாக்கு, குறிப்பேட்டில் கையெழுத்து.

எதைக் குழுவில் போடக் கூடாது

அன்றைக்கு நிலுவைப் பட்டியலைப் பேர்சொல்லி வாசித்ததே தப்பு. மொத்த நிலுவை எவ்வளவு, எத்தனை பேரிடம், எத்தனை மாதம் என்று பேரவைக்குச் சொல்லலாம். சொல்லியே ஆக வேண்டும். பெயர்வாரிப் பட்டியல் நிர்வாகக் குழுவுக்கும் தணிக்கைக்கும். ஒவ்வொருவருக்கும் அவரவர் கணக்கு மட்டும் தனியாகப் போக வேண்டும். குழுவில் பாக்கிக்காரர் படத்தைப் போட்டு வசூல் பண்ணலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். அவர்கள் வீட்டுப் பெண்பிள்ளைகள் மறுநாள் தெருவில் எப்படி நடப்பார்கள் என்று கேட்டதும் வாயை மூடிக்கொண்டார்.

ஆதார் அட்டைப் படங்களை வாட்ஸ்அப்பில் வாங்கும் பழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள். நேரில் பார்த்து, கடைசி நான்கு இலக்கத்தை மட்டும் பதிந்துகொள்ளுங்கள். நகல் தேவைப்படும் இடத்தில் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதார் போதுமா என்று கேளுங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட்டிருக்கிறது. எதற்காக வாங்குகிறோம் என்று உறுப்பினருக்குத் தமிழில் சொல்லி, ஒப்புக்கொண்ட கையெழுத்தையும் வாங்கி வைத்தால் பின்னால் தலைவலி இல்லை.

செயலி வாங்கியே ஆக வேண்டும் என்றால்

மேலே சொன்னதெல்லாம் ஒரு வருடம் ஓடிய பிறகு யோசியுங்கள். விற்க வருபவரிடம் மூன்று கேள்வி: எங்கள் தகவல் முழுவதையும் விரிதாளாகத் திரும்ப எடுக்க முடியுமா? சிக்னல் இல்லாத இடத்தில் வேலை செய்யுமா? அடுத்த வருடம் பணம் கட்டாவிட்டால் பழைய கணக்கைப் பார்க்கவாவது விடுவீர்களா? முதல் கேள்விக்கே இழுத்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். வீடு வீடாகத் தகவல் எடுக்க மட்டும் என்றால் கோபோ டூல்பாக்ஸ் என்ற கருவி இருக்கிறது. தமிழில் கேள்வி போடலாம், சிக்னல் இல்லாமலும் நிரப்பலாம்.

ஒப்படைப்பு

நிர்வாகக் குழு மாறும், செயலாளர் மாறுவார், கணினி தெரிந்த தம்பி வேலை கிடைத்துச் சென்னை போய்விடுவான். சங்கத்தின் மின்னஞ்சல் சங்கத்தின் பெயரிலேயே இருக்கட்டும். அதற்கான கைபேசி எண்ணும் சங்கத்துடையது. கடவுச்சொற்களைத் தாளில் எழுதி, உறையில் போட்டு, இரண்டு பொறுப்பாளர் கையெழுத்தோடு பீரோவில் வையுங்கள்.

கணக்குக்கு மூன்று பிரதி: கணினியில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று, வெளியே ஒரு வீட்டில் பென்டிரைவில் ஒன்று. உப்புக்காற்றில் மடிக்கணினி மூன்று வருடம் தாங்கினால் பெரிது. துணி போட்டு மூடி, உயரத்தில் வையுங்கள், சன்னல் ஓரம் வேண்டாம். மார்ச் 31 முடிந்ததும் உறுப்பினர் பட்டியலையும் கேட்பு-வசூல்-நிலுவையையும் தாளில் அச்சடித்து, பைண்டு செய்து, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து.

புதியவர் பொறுப்பேற்கும் நாளில் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று வாயால் சொல்லாமல் ஒரு வேலை கொடுங்கள்: மு. முனியசாமி மூவரில் ஒருவருடைய உறுப்பினர் எண்ணைச் சொல்லி, அவர் மனையின் புல எண், கடைசி ரசீது, சன்ஷேடு கம்பிப் படம் மூன்றையும் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பத்து நிமிடத்துக்குள் எடுத்துவிட்டால் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.